மாரித் தவளையும் மண்சட்டிப் பங்கசும்

தமிழாசிரியன் ஒருவன் தவளையைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். விழா மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டிக் கடிதம் விடுத்தபோது, இலக்கியச் சுவை பற்றியோ சமயப் பெரியார் ஒருவர் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னினும் வல்லார் பலர் இம்மலரிலேயே எழுதியிருப்பர் என்பது ஒருதலை. ஆதலின், சில ஆண்டுகளாக என் உள்ளத்தை விட்டகலாத ஒரு பொருளைப் பழைய மாணவர் முன்னும் இளைய மாணவர் முன்னும் வைக்கத் துணிந்தேன்.

தவளை தமிழுக்கு அயலானதன்று. நுணல், தேரை, மண்டூகம் என அவ்வினத்தைச் சுட்ட நம்மிடம் சொற்கள் பல உள. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் அது தவக்கை. ஓயாது பேசுவோனை மாரித் தவக்கை என்கிறோம். உலகம் அறியாதானைக் கிணற்றுத் தவளை என்கிறோம். நாகாவாது கெடுவானுக்குத் தன் வாயாற் கெடும் தவளையை உவமை சொல்கிறோம். நன்னூலார் இன்னும் ஒருபடி மேற்சென்று இலக்கணத்துக்குள்ளேயே தவளைக்கு இடமளித்தார். சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் முறைகளாக அவர் கூறுவன நான்கு: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பன. இடையிலுள்ளவற்றை விட்டுவிட்டு அப்பாலுள்ள சூத்திரத்தோடு சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து.

இப்பகுதியை உயர்தர வகுப்பிற் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தவளை ஒரு பாய்ச்சலில் எவ்வளவு தூரம் போகும்?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. வினா நல்ல வினாவென்று எனக்குத் தோன்றியது. இடைவேளையில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் அதனைக் கொண்டுசென்றேன். அது தவளைக்குத் தவளை வேறுபடும் என்று விடைகூறிய அவர், "நீங்கள் பாய்ச்சலைப் பற்றிக் கேட்கிறீர்கள். பாய்வதற்குத் தவளையே இல்லாமற் போன மலைகளும் உலகில் உண்டு, தெரியுமா?" என்றார். அன்று ஆசிரியர் அறையில் அவர் தொடங்கிய கதையைத் தொடர்ந்து படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றேன்.

நடு அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா நாட்டில் மொன்ரெவேர்டே என்பது முகில் தவழும் மலைக்காடு. அங்கே பொற்றேரை என்றொரு சிற்றுயிர் வாழ்ந்தது. ஆண் தேரை பொன்னிறம். காட்டின் ஈர மண்ணிற் பொற்காசு சிந்தியதுபோல் மழைக்கால முதலில் அவை கூடும். உலகில் வேறெங்கும் அவ்வினம் இல்லை. 1987ஆம் ஆண்டில் மார்த்தா கிரம்ப் என்னும் ஆய்வாளர் அக்காட்டில் 1,500இற்கு மேற்பட்டவற்றைக் கண்டு எண்ணினார். அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தென்பட்டன. 1989ஆம் ஆண்டில் ஆண் தேரை ஒன்று மட்டும் காணப்பட்டது. அதன்பின் எவரும் அதனைக் கண்டிலர். ஒரு மாணவன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு வருமுன் ஓர் இனம் முழுவதும் உலகை விட்டு நீங்கிற்று. அதன் முடிவுக்குக் கடும் வறட்சியையும் பின்னர் அறியப்பட்ட ஒரு நோயையும் ஆய்வாளர் காரணமாகக் கூறுவர்.

அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்து மலையருவிகளில் நிகழ்ந்தது இதனினும் இரங்கத்தக்கது. அங்கே ஒரு தவளையினத்தின் தாய், தான் இட்ட முட்டைகளைத் தானே விழுங்கித் தன் இரைப்பையினுள் வைத்து வளர்த்தது. அக்காலம் முழுவதும் அது உணவு கொள்வதில்லை. உண்டதைச் சமிபாடு செய்யும் அமிலம் குஞ்சுகளை அழித்துவிடாதவாறு இரைப்பையின் தொழில் நின்றுவிடும். குஞ்சுகள் உருவாகி முடிந்ததும் தாயின் வாய்வழியே வெளிவரும். வயிறும் கருப்பையும் ஒன்றேயான இத்தாய்மையை விஞ்ஞான உலகம் 1974ஆம் ஆண்டிலேதான் அறிந்தது. இரைப்பைப் புண்ணுக்கு மருந்து காண இது வழிகாட்டுமென மருத்துவர் ஆவலோடு நோக்கினர். 1981ஆம் ஆண்டுக்குப் பின் காட்டில் அதனைக் காணவில்லை. 1983இல் வளர்ப்பிலிருந்த கடைசித் தவளையும் இறந்தது. அதன் உறவினமொன்று அதே மாநிலத்தில் 1984இற் கண்டறியப்பட்டு, 1985இற்குப் பின் காணாமற் போயிற்று. கற்கத் தொடங்குமுன்னரே மூடப்பட்ட ஏடுகள் இவை.

1989இல் இங்கிலாந்தின் கந்தர்பரி நகரில் ஊர்வனவற்றையும் ஈரூடகவாழிகளையும் ஆராய்வோரின் முதலாவது உலக மாநாடு கூடியது. பல நாட்டிலிருந்தும் வந்தவர் தத்தம் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தபின் தேநீர் வேளையிற் பேசிக்கொண்டபோது, எல்லோர் வாயிலும் ஒரே முறையீடு எழுந்தது: எங்கள் தவளைகளைக் காணோம். காடு வெட்டப்பட்ட இடங்களில் அவை மறைதல் வியப்பன்று. மனிதர் கை படாத காப்புக் காடுகளிலும், தெளிந்த அருவிகளிலும் மறைந்தமையே அவர்களைத் திகைக்க வைத்தது.

விடை 1998ஆம் ஆண்டு கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் லீ பேர்ஜர் என்னும் மிருக வைத்தியரும் அவரோடு சேர்ந்த பன்னாட்டு ஆய்வாளரும், குவீன்சுலாந்திலும் பனாமாவிலும் இறந்து கிடந்த தவளைகளின் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, இரு கண்டத்துத் தவளைகளிலும் ஒரே பங்கசு இருக்கக் கண்டனர். அடுத்த ஆண்டு அப்பங்கசுக்குப் பெயரிடப்பட்டது. பற்றாக்கோகித்திரியம் தெந்திரோபாற்றிடிசு என்பது அப்பெயர். நாவுக்கு வருத்தந் தருவதாயினும் பெயர்க்காரணம் எளிது. கிரேக்க மொழியில் பற்றாக்கோசு என்றால் தவளை. கித்திரா என்றால் மண்சட்டி. அப்பங்கசின் வித்துறை நுணுக்குக்காட்டியில் வாய் வைத்த சட்டிபோலத் தோன்றும். யான் வகுப்பில் அதனை 'மண்சட்டிப் பங்கசு' என்றே குறிப்பிடுவது வழக்கம், மாணவர் மறப்பதில்லை.

இனி அது கொல்லும் முறையைக் காண்போம். சட்டியினுள்ளே இயங்குவித்திகள் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரை இருநூறு கூறிட்ட ஒரு கூறளவே இருக்கும். அதற்கு ஒரு வால் உண்டு. சட்டி வாய் திறக்க, அவை நீரில் நீந்திப் புறப்படும். தாமாக நீந்தக்கூடிய தூரம் ஓரிரு சென்ரிமீற்றரே. அண்மையில் தவளைத்தோல் கிடைப்பின் அதில் ஒட்டி உள்நுழைந்து தாமும் சட்டிகளாகும். இளஞ்சூடான நிலையில் நாலைந்து நாளுள் ஒரு தலைமுறை முடியும். நம் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரற்றின் என்னும் பொருள் உள்ள இடமே அதற்கு இருப்பிடம். வாற்பேய்க்கு வாயிலன்றி வேறெங்கும் கெரற்றின் இல்லை. ஆதலின் அது நோயைச் சுமக்கும், சாவதில்லை. வாலுதிர்ந்து தவளையாகித் தோல் முதிர்ந்தவுடன் உடல் முழுவதும் நோய்க்கு இடமாகின்றது. வளர்ச்சி எய்தும் பருவமே வீழ்ச்சிப் பருவமாகின்றது.

தோலில் ஒட்டும் ஒன்று எவ்வாறு உயிரைக் கொள்ளும் என்னும் ஐயம் எழலாம். நமக்குத் தோல் போர்வை. தவளைக்கோ அது வாயும் மூக்கும் சிறுநீரகமும் போன்றது. தவளை நீரைத் தோலாற் பருகும்; தோலாற் பெரிதும் மூச்சு வாங்கும்; இரத்தத்துக்கு வேண்டிய உப்புக்களைத் தோலாற் காத்துக்கொள்ளும். பங்கசு பற்றியபின் தோல் தடித்து அத்தொழிலை இழக்கும். 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனை அளந்து காட்டிற்று: நோயுற்ற தவளையின் குருதியில் சோடியம் ஏறத்தாழ 20 வீதமும் பொற்றாசியம் ஏறத்தாழ 50 வீதமும் குறைந்திருந்தன, ஈற்றில் இதயம் துடிப்பதை நிறுத்தியது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு நம் தாய்மார் ஜீவனி கரைத்து ஊட்டுவது எதற்காக என்பதை நினைந்து பார்த்தால் இது விளங்கும். அவ்வாய்வாளரும் நோய் முற்றிய தவளைகளுக்கு உப்புக் கரைசலை வாய்வழியே ஊட்டிப் பார்த்தனர். ஊட்டப்பட்டவை ஏனையவற்றினும் 20 மணித்தியாலத்துக்கு மேலாகக் கூடுதலாக உயிர்தரித்தன. பிழைத்தில, ஆயினும் சாவின் காரணம் தெளிவாயிற்று.

நன்னூலாரின் நான்கு நிலைகளுள் இரண்டை இந்நோயின் பரவலிற் காணலாம். கடல்களைத் தாண்டி ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்கு அது சென்றமை தவளைப் பாய்த்து. கொஸ்தாரிக்காவிலிருந்து பனாமாவின் மலைத்தொடர் வழியே கிழக்கு நோக்கி ஆண்டுதோறும் நகர்ந்தமை ஆற்றொழுக்கு. கரன் லிப்ஸ் என்னும் ஆய்வாளர் அவ்வொழுக்கைக் கணித்து, இன்னும் நோய் சென்றடையாத எல் கோப்பே என்னும் காட்டில் முன்கூட்டியே சென்று காத்திருந்தார். 2004ஆம் ஆண்டில் அது வந்தது. சில திங்களுள் அருவிக் கரையெங்கும் இறந்த தவளைகள் கிடந்தன. அடுத்து எல் வாலே நகரை அது நெருங்குமென அறிந்த பாதுகாவலர், 2006இல் காட்டுத் தவளைகளைப் பிடித்து வந்து அவ்வூர் விடுதியொன்றின் அறைகளிலே குடியேற்றினர். விருந்தினர் தங்கும் அறைகளில் தவளைகள் ஏதிலிகளாய்த் தங்கின. பனாமாவின் நற்பேற்றுச் சின்னமாகிய பொற்றவளையும் அவற்றுள் ஒன்று. அருவியின் இரைச்சலிற் குரல் எடுபடாமையால் முன்னங்கையை அசைத்துத் தன் இனத்தோடு பேசும் உயிர் அது. இன்று காட்டில் அது அற்றுப்போனதாகவே கருதப்படுகின்றது. அன்று காக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் கூடங்களில் வாழ்கின்றன.

2019ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடித் தொகுத்த கணக்கின்படி, இப்பங்கசு நோயாற் குறைந்துபோன ஈரூடகவாழி இனங்கள் குறைந்தது 501. அவற்றுள் 90 இனங்கள் முற்றாக அழிந்தனவாகக் கருதப்படுகின்றன. தவளையோடு இழப்பு நிற்கவுமில்லை. எல் கோப்பேயில் தவளைகள் ஒழிந்தபின் அவற்றை இரையாகக் கொண்ட பாம்பினங்களும் குறைந்தன என 2020இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. நுளம்பின் புழுக்களைத் தின்பார் இல்லாமற் போனமையால், கொஸ்தாரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் வீழ்ந்த மாவட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் மிகுந்தது என 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. நுளம்புக் காய்ச்சலின் கொடுமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நிற்க. இவற்றையெல்லாம் அறிந்தபோது என் நெஞ்சில் எழுந்தது யாது என்பதையும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி ஈற்றில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு நீங்கியபோது யான் பத்தாம் வகுப்பு மாணவன். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் மீண்டு வந்து பாடசாலை கூடிய முதல் நாள், எங்கள் வகுப்பாசிரியர் பழைய இடாப்பையே கையில் எடுத்து வந்தார். பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். சில பெயர்களுக்கு விடை வந்தது. பல பெயர்களுக்கு வரவில்லை. வன்னியில் தங்கிவிட்டவர் சிலர், கடல் கடந்தவர் சிலர், இனி எக்காலத்தும் வாராதவர் சிலர். அவர் ஒரு பெயரையும் விட்டுச் செல்லவில்லை. விடை வராத பெயர்களுக்கும் சற்றே தரித்து நின்று, பின்னரே அடுத்த பெயருக்குப் போனார். பயிற்சிக் கலாசாலையில் இரண்டாண்டு கற்றவற்றுள் எதனினும் அந்த ஒரு காலைப்பொழுது ஆசிரியத் தொழிலைப் பற்றி எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. இடாப்பு இருந்தமையாலன்றோ இல்லாதவர் யாரென்று எங்களுக்குத் தெரிந்தது.

பொற்றேரையின் இழப்பு உலகறிய நின்றதும் இதனாலேயே. 1987இல் ஒருவர் மழையில் நின்று எண்ணி எழுதி வைத்தார். அதனால் 1988இன் வெறுமை தெரிந்தது. எண்ணப்படாத இனங்கள் எத்தனை ஓசையின்றி நீங்கினவோ!

நம் இலங்கைத் தீவுக்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. உலகில் அழிந்துபோனவையாகப் பதியப்பட்டுள்ள தவளையினங்களுள் பெரும் பங்கு இத்தீவுக்குரியவை. அவற்றுட் பலவற்றை 19ஆம் நூற்றாண்டிற் பிடித்து மதுசாரத்தில் இட்டு ஐரோப்பிய நூதனசாலைகளுக்கு அனுப்பியதோடு சரி. மீளக் கண்டவர் இலர். அப்பழியைப் பங்கசின்மேற் சுமத்துதல் நீதியன்று. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைநாட்டு மழைக்காடு வெட்டப்பட்டமையே அவற்றின் முதற் காரணம். எஞ்சியுள்ள காடுகளில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் உள; அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்நாட்டிலும் இல்லாதவை. வாற்பேய்ப் பருவமே இன்றி முட்டையிலிருந்து நேரே தவளையாய் வெளிவரும் மரத்தவளைகளும் அவற்றுள் அடங்கும். பங்கசு 17 முதல் 25 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் நன்கு வளரும். 28 பாகைக்கு மேல் தளரும். யாழ்ப்பாணத்து வெயில் நம் தவளைக்கு ஒருவகை அரண். மலைநாட்டின் குளிருக்கு அவ்வரண் இல்லை.

அப்பங்கசு பிறந்த இடம் கிழக்காசியா, சிறப்பாகக் கொரியத் தீபகற்பம், என்று 2018ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு கூறுகின்றது. அங்குள்ள தவளைகள் அதனோடு நெடுங்காலம் பழகியவை. இருபதாம் நூற்றாண்டிலே அதனை உலகெங்கும் கொண்டு சென்றவர் மனிதர். உணவுக்காகவும், வளர்ப்பு விலங்காகவும், மருத்துவச் சோதனைக்காகவும் உயிருள்ள தவளைகள் கப்பலேற்றப்பட்டன. பெண்ணொருத்தி கருவுற்றிருக்கின்றாளா என அறிய, அவளது சிறுநீரை ஆபிரிக்க நகத்தவளைக்கு ஊசிமூலம் ஏற்றிப் பார்க்கும் முறை 1930கள் முதல் நெடுங்காலம் வழங்கியது. அதற்காக அத்தவளைகள் பெருந்தொகையாக நாடுதோறும் அனுப்பப்பட்டன. அவ்வினம் பங்கசைத் தாங்கியும் தான் நலிவதில்லை. இத்தகைய வாணிகத்தின் தீங்கு இன்னும் ஓயவில்லை. ஆசியாவிலிருந்து ஐரோப்பா சென்ற உறவுப் பங்கசொன்று 2013இல் இனங்காணப்பட்டது. ஒல்லாந்தின் காடொன்றில் நெருப்புச் சலமந்தர் என்னும் உயிரை அது 2010 தொடங்கிச் சில ஆண்டுகளுள் நூற்றுக்கு 4 பங்காகக் குறைத்துவிட்டது.

இருளை மட்டும் காட்டி முடித்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில், வாற்பேய்களைப் பிடித்து மருந்து நீராட்டி, அவை வாழ்ந்த குட்டைகளை வற்றச்செய்து கிருமிநீக்கி, பங்கசை ஒழித்த செய்தி 2015இல் வெளியாயிற்று. கலிபோர்ணியாவின் யோசமிற்றி மலைப்பூங்காவில், ஒருகாலத்தில் அற்றுப்போகுமென அஞ்சப்பட்ட மஞ்சட்கால் தவளை இருபது ஆண்டில் ஏழு மடங்காகப் பெருகியிருந்ததென 2016இற் கணக்கிட்டனர்; நோயோடு வாழக் கற்ற தவளைகளின் வழித்தோன்றல் அவை. 2024இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட முறையோ நம்மூர்க் கொத்தனாருக்கும் விளங்கக்கூடியது. துளையுள்ள செங்கற்களுக்குக் கறுப்பு மை பூசி, சிறு கண்ணாடிக் குடிலினுள் வெயிலில் அடுக்கி வைத்தனர். குளிர்காலத்துத் தவளைகள் தாமே வந்து அத்துளைகளிற் புகுந்து வெப்பங் காய்ந்தன. சூடு பங்கசைத் தளர்த்தியது. நோய் தீர்ந்தவை பின்னர் அந்நோயை எதிர்க்கும் ஆற்றலும் பெற்றன. செங்கல்லும் வெயிலும் மருந்தாயின.

இக்கட்டுரையைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இன்று அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். விடுமுறையிற் குடும்பத்தோடு மலையருவிகளுக்குச் செல்வோர் தம் சப்பாத்துச் சேற்றைக் கழுவி உலர்த்திய பின்னரே அடுத்த அருவிக்குச் செல்வார்களாக. பிள்ளைகளின் விருப்பத்துக்காக வாங்கிய பிறநாட்டுத் தவளையையோ அதன் தொட்டி நீரையோ ஓடையில் விடாதிருப்பார்களாக. ஈரச்சேற்றில் இயங்குவித்தி உயிர்தாங்கும். உலர்ந்த இடத்தில் மாயும். இதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை.

இளைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் ஆண்டறிக்கைகளும் இடாப்புக்களும் இருப்பதனாலேயே இவ்விழா மலரை ஆக்க முடிந்தது. இங்கே கற்றவர் யார், கற்பித்தவர் யார் என்பதற்கு அவை சான்று. நம் ஊர்க் குளத்துக்கும் வயற்கரைக்கும் அத்தகைய ஏடு இல்லை. விஞ்ஞான மன்றமும் தமிழ் மன்றமும் கூடி அதனைத் தொடங்கலாம். ஐப்பசி பிறந்து முதல் மழை விழும் இரவில் எந்தக் குளத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை வகைக் குரல் கேட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு குரலுக்கும் உங்கள் பாட்டனார் வழங்கிய பெயரைக் கேட்டு அதன் அருகே குறியுங்கள். அவை அகராதியில் ஏறாத சொற்களாயிருத்தலும் கூடும். தவளையைப் பிடிக்க வேண்டா, தொட வேண்டா. செவி ஒன்றே போதும். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். உங்களுக்குப்பின் வருவோரிடம் கொப்பியைக் கையளியுங்கள். தமிழ்ப் பாடத்துக்கு அதனைக் கொண்டுவருவோர்க்கு யான் நேரம் ஒதுக்குவேன். இவ்வாண்டு மாரிக்கென முதற் கொப்பியை வாங்கி விஞ்ஞான ஆசிரியரின் மேசைமேல் வைத்துள்ளேன்.